பெல்லில் இருக்கிற பெயரை விடுங்கள், ஸ்லைடைக் கழற்றுங்கள்

கேள்வி: எங்கள் சபை பேண்டுக்கு ஒரு டிரம்போன் தேவை. புரோக்கர் ஒருவர் பழையது ஒன்றைக் காட்டினார். பெல்லில் (விரிந்த வாய்ப்பக்கத்தில்) யாரும் கேள்விப்படாத ஒரு பெயரும், அதன் கீழே ‘லண்டன்’ என்றும் பொறித்திருக்கிறது. நெட்டில் தேடியும் அந்த மாடல் அகப்படவில்லை. 14,000 ரூபாய் சொல்கிறார். ஞாயிறு சாயங்காலம் கொண்டுவருவதாகப் பேச்சு. வாங்கலாமா? வாங்கினால் என்ன செய்ய வேண்டும்? (கருங்கல் வாசகர்)

பதில்: தம்பி, அந்தப் பெயரைத் தேடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு பட்டறையில் செய்த கருவியில், வாங்கி விற்கிற கடைக்காரர் தன் பெயரைப் பொறித்துக்கொள்வது இந்தத் தொழிலில் நூறு வருஷத்துக்கு மேலான பழக்கம். ‘லண்டன்’ என்று பொறிக்க லண்டனுக்குப் போக வேண்டியதும் இல்லை. பெல் பளபளவென்று இருந்தால் இன்னும் உஷாராகுங்கள். முந்தின நாள் புளி போட்டு விளக்கியிருப்பார்கள்.

டிரம்போன் என்பது ஸ்லைடு: நிலையாக நிற்கிற இரண்டு உள்குழலின் மேல், இரண்டு கால் உள்ள ‘யு’ வடிவ வெளிக்குழலை இழுத்துத் தள்ளிச் சுரத்தை மாற்றுகிற பகுதி. மற்றதெல்லாம் அதற்கு மாட்டிய குழாய். பெல்லில் ஒடுக்கு விழுந்தால் தட்டி எடுக்கலாம், பற்று விட்டால் ஈயம் வைக்கலாம். ஸ்லைடு போனால் நம்மூரில் அதைச் சரிசெய்ய ஆள் தேடி அலுத்துப்போவீர்கள்.

புரோக்கர் இரண்டு தரம் இழுத்துக் காட்டுவார், வெண்ணெய் மாதிரி ஓடும். நானும் அப்படி ஏமாந்தவன். வீட்டுக்கு வந்து வெளிக்குழலைக் கழற்றி, கைலேஞ்சியால் உள்குழலைத் துடைத்தேன். கறுப்பாகக் கிரீஸ் வந்தது. துடைத்த இடத்தில் நீளவாக்கில் நகம் மாட்டுகிற அளவு கீறல். வெள்ளிநிற முலாம் போய் மஞ்சள் பித்தளை பல்லை இளித்தது. ஆகவே முதலில் கழற்றச் சொல்லுங்கள், அவர் முன்னாலேயே துடையுங்கள். உள்குழலின் கீழ்நுனியில் சில அங்குல நீளம் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். காலுறை போட்ட மாதிரி இருப்பதால் ஸ்டாக்கிங் என்பார்கள். வெளிக்குழலோடு உரசுவது அந்த இடம் மட்டும்தான். அங்கே முலாம் உரிந்திருந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். “பைக் பார்ட்ஸுக்கு குரோம் அடிக்கிற கடையில் கொடுத்தால் போச்சு” என்பார். அந்த முலாம் தடிப்பு கூடினால் குழல் உள்ளேயே போகாது.

அடுத்து, ஒரு கால் சோதனை. வெளிக்குழலின் ஒரு காலை மட்டும் ஓர் உள்குழலில் போட்டு, மற்றதை வெளியே திருப்பி வைத்து மெதுவாக ஏற்றி இறக்குங்கள். பிறகு அடுத்த காலை. தனித்தனியாக ஓடி, சேர்த்துப் போட்டால் இறுகினால் இரண்டும் இணையாக இல்லை என்று அர்த்தம். நல்ல ஆள் நேராக்கித் தருவார். தனியாகவே உரசினால் அந்தக் குழலில் வளைவோ ஒடுக்கோ இருக்கிறது. கடைசியாக, முழு ஸ்லைடையும் நிமிர்த்திப் பிடித்து, மேலே உள்ள இரண்டு வாயையும் கட்டைவிரலால் அடைத்துப் பூட்டைத் திறங்கள். கீழே ஒருவர் கையை வைத்திருக்கட்டும். வெளிக்குழல் கல் மாதிரி விழுந்தால் காற்று கசிகிறது. எச்சில் விடுகிற சாவியின் தக்கை போயிருந்தாலும் இப்படித்தான் விழும். தக்கை சல்லிக் காசு. அதை விரலால் அழுத்திப் பிடித்து இன்னொரு தரம் பாருங்கள்.

வளைவுகளில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிகிறதா என்று பாருங்கள். பித்தளையில் உள்ள துத்தநாகம் அரித்துப்போய்ச் செம்பு மட்டும் மிஞ்சுவது அது. உள்ளேயிருந்து வருகிற அரிப்பு, பாலிஷ் போட்டு மறைத்தாலும் நிற்காது.

இனி, உங்கள் கருவி நிஜமாகவே பழைய இங்கிலாந்துச் சரக்காக இருந்தால் ஒரு விஷயம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். அந்நாட்டுப் பித்தளை பேண்டுகளும் இரட்சணிய சேனை பேண்டுகளும் 1960களின் நடுப்பகுதி வரை ‘ஹை பிட்ச்’ என்ற உயர்ந்த சுருதியில் வாசித்தன. இன்று ஏ சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு. அன்று ஏறக்குறைய 452. அரைச்சுரத்தில் பாதி வித்தியாசம். சேனை தன் கருவிகளை செயின்ட் ஆல்பன்ஸில் சொந்தத் தொழிற்சாலையிலேயே செய்தது, 1972 வரை. சேனையும் மிஷன் சபைகளும் வேரூன்றிய நம் குமரி மாவட்டத்தில் அப்படி ஒன்று கையில் கிடைப்பது அதிசயமில்லை. போனில் சுருதி காட்டும் டியூனரை 440-ல் வைத்து, ஸ்லைடை மூடி, பி பிளாட் ஊதுங்கள். பெல் பக்கத்தில் சுருதி திருத்த இருக்கிற வளைவுக் குழலை, அதாவது டியூனிங் ஸ்லைடை, நன்றாக வெளியே இழுத்த பிறகும் முள் அடுத்த சுரமான பி பக்கம் ஏறி நின்றால் ஹை பிட்ச். ஸ்லைடு இல்லாத கார்னெட்டாக (சின்ன எக்காளமாக) இருந்தால் வேண்டாம் என்பேன். டிரம்போன் என்பதால் வழி உண்டு: நாலு சென்டிமீட்டர் வெளியே இழுத்த இடத்தையே முதல் பொசிஷனாக (ஸ்லைடு நிற்கிற ஏழு இடங்களில் முதலாவதாக) கொண்டால் சுருதி சேரும். ஆனால் ஏழாவது பொசிஷனுக்குக் குழல் போதாமல் போகும். டியூனிங் ஸ்லைடின் இரண்டு காலையும் அதே அளவு நீட்டித் தர வேலை தெரிந்த ஆசாரி இருந்தால் அந்தக் குறையும் தீரும். ஸ்லைடில் கைப்பிடி தொங்கினால் அது ஜி பாஸ் டிரம்போன். சாதாரண டெனார் டிரம்போனுக்கு எழுதிய உங்கள் நோட்டு அதில் ஓடாது.

மவுத்பீஸ் ஆடினால் நூலோ பேப்பரோ சுற்ற வேண்டாம். தண்டில் மெல்லியது, தடித்தது என்று பொதுவாக இரண்டு வகை. இந்தக் கருவிக்கு எது என்று பார்த்து வாங்குங்கள். இறுகிப்போனதைக் குறடு போட்டுத் திருகினால் குழாய் கிழியும். இழுக்க அதற்கென்றே கருவி இருக்கிறது.

வாங்கிய பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் உள்ளே பிரஷ் விட்டுக் கழுவுங்கள். கொதிக்கிற தண்ணீர் வார்னிஷை உரித்துவிடும். ஸ்லைடுக்குத் தேங்காய் எண்ணெய் போடவே போடாதீர்கள். நம்மூரில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து, தெரியும். நாள் போகப் போகப் பிசின் பிடித்துவிடும். ஸ்லைடு கிரீமும் மேலே கொஞ்சம் தண்ணீர்த் தெளிப்பும் போதும்.

உங்கள் கமிட்டி மூன்று கொட்டேஷன் கேட்கும் என்று எனக்குத் தெரியும். பழைய டிரம்போனுக்கு மூன்று கொட்டேஷன் எங்கே போய் வாங்குவது? யூனிஃபார்முக்கும் தொப்பிக் குஞ்சத்துக்கும் வருஷா வருஷம் பணம் ஒதுக்குகிறவர்கள் ஒரு குப்பி ஸ்லைடு கிரீமுக்கு வவுச்சர் கேட்பார்கள். கொட்டேஷனுக்குப் பதில், பத்து நாள் வாசித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்று புரோக்கரிடம் ஒரு துண்டுக் காகிதம் எழுதி வாங்கிக் கமிட்டியிடம் காட்டுங்கள். எழுத மறுத்தால் விலை பேசவே வேண்டாம். ஸ்லைடு தேறினால் 14,000 கொடுக்கலாம். தேறாவிட்டால் 4,000-மும் அதிகம்.

ஞாயிறு சாயங்காலம் வரச் சொன்னதை மட்டும் மாற்றுங்கள். காலையில், ஆராதனை முடிந்ததும் வரட்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் அந்த இளஞ்சிவப்புப் புள்ளி தெரியாது.