பழைய ஹைபிரிட் கார் வாங்கலாமா? கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

சிங்கப்பூரில் சின் மிங் பக்கம் ஒர்க்‌ஷாப்பில் ஹைபிரிட் கார்களை, அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்களை, பிரித்துப் பூட்டுவதுதான் என் பிழைப்பு. கார் விற்பதில்லை, அதனால் எந்த பிராண்டுக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. வந்த கேள்விகளில் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அண்ணே, இதுதான் என் முதல் கார். ரெண்டு ஹைபிரிட் செடான் பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு 70,000 வெள்ளி, சிஓஇ இன்னும் நாலு வருஷம் இருக்கு. இன்னொண்ணு 52,000, ரெண்டரை வருஷம்தான் பாக்கி. ரெண்டாவதுதானே லாபம்? (செங்காங் தம்பி)

பதில்: விலையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும் தம்பி. ஆனால் நம் ஊரில் நீங்கள் வாங்குவது காரை அல்ல, சிஓஇயில் (காரை வைத்திருக்க அரசாங்கம் தரும் பத்தாண்டு உரிமைச் சான்றிதழில்) பாக்கி இருக்கும் ஆண்டுகளை. இரண்டு காருக்கும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவு விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் ‘செலுத்திய ஏஆர்எஃப்’ என்று ஒரு தொகை இருக்கும், முதலில் பதிவு செய்தபோது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணம் அது. நீங்கள் பார்க்கும் வயதுக் கார்களைப் பத்தாவது ஆண்டு முடிவதற்குள் பதிவுநீக்கம் செய்தால் அந்தத் தொகையில் பாதி கையில் திரும்ப வரும். அதைத்தான் பார்ஃப் என்கிறோம்.

இப்போது கணக்கைப் போடுங்கள். முதல் காருக்குக் கட்டிய ஏஆர்எஃப் 16,000 என்றால் திரும்ப வருவது 8,000. 70,000-இல் 8,000 போக 62,000. நாலால் வகுத்தால் ஆண்டுக்கு 15,500. இரண்டாவதில் ஏஆர்எஃப் 5,000 என்றால் வருவது 2,500. 49,500-ஐ இரண்டரையால் வகுத்தால் ஆண்டுக்கு 19,800. எது மலிவு என்று இப்போது தெரிகிறதா?

5,000 என்று சும்மா சொல்லவில்லை. ஹைபிரிட்டில் இது ஒரு கண்ணி. புதுசாக வாங்கியபோது மாசு குறைவு என்று அரசாங்கம் கொடுத்த தள்ளுபடி, ஏஆர்எஃபில்தான் கழிந்தது. முதல் உரிமையாளருக்கு அது லாபம். பத்தாம் ஆண்டில் கையில் வைத்திருப்பவருக்கு பார்ஃப் சுருங்கிப்போகும். ஒரே மாடல், ஒரே வயது, ஆனால் இந்த ஒரு வரியில் பல ஆயிரம் வெள்ளி வித்தியாசம் வருவதைப் பார்த்திருக்கிறேன். விற்பவர் ஓஎம்வி (வரிகளுக்கு முந்தைய இறக்குமதி மதிப்பு) எவ்வளவு என்று சொல்லிப் பேச்சை நகர்த்துவார். நீங்கள் ஏஆர்எஃபிலேயே நில்லுங்கள்.

கேள்வி: கடன் எவ்வளவு கிடைக்கும்? (அதே தம்பி)

பதில்: ஓஎம்வி 20,000 வெள்ளி வரை இருந்தால் வாங்கும் விலையில் 70 விழுக்காடு, அதற்கு மேல் என்றால் 60 விழுக்காடு. தவணைக்காலம் அதிகபட்சம் ஏழு ஆண்டு. பழைய காரில் சிஓஇ முடியும் தேதியைத் தாண்டாது. நீங்கள் சொன்ன இரண்டாவது காரில் அதனாலேயே மாதத் தவணை கழுத்தை நெரிக்கும்.

கேள்வி: பெட்ரோல் மிச்சம் ஆகும் என்கிறார்களே, உண்மையில் எவ்வளவு? (ஜூரோங் வெஸ்ட்டில் ஒரு ஆசிரியை)

பதில்: லிட்டர் 3 வெள்ளி என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம் டீச்சர். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுக்கும் சாதாரண கார் கிட்டத்தட்ட 3,460 வெள்ளி குடிக்கும். 22 கொடுக்கும் ஹைபிரிட் 2,050. மிச்சம் 1,400 சொச்சம். நீங்கள் வார இறுதியில் மட்டும் தேக்கா சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்டினால் 500-ஐத் தாண்டாது. விலை வித்தியாசத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெட்ரோலை மட்டுமே நம்பி ஹைபிரிட் வாங்குவது, நிறைய ஓட்டுகிறவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். ஆனால் சிக்னலில் எஞ்சின் அணைந்தும் ஏர்கான் ஓடும் சுகம் பழகிவிட்டால், பிறகு சாதாரண கார் பிடிக்காது. அதற்கு நான் விலை போட முடியாது.

கேள்வி: பேட்டரி போய்விட்டால் கார் விலையே போய்விடும் என்று மாமனார் பயமுறுத்துகிறார். ப்ரியஸ் 2014 பதிவு, சிஓஇ புதுப்பித்தது. (ஈசூன்வாசி)

பதில்: மாமனார் சொல்வதில் பாதி சரி. அந்த வயது ப்ரியஸில் பின்சீட்டுக்குப் பின்னால் நிக்கல் பேட்டரி இருக்கிறது. 28 தொகுதிகள் வரிசையாக, மொத்தம் 201.6 வோல்ட். அதைக் கொல்வது ஓடிய தூரத்தைவிட சூடுதான். அந்தப் பேட்டரிக்குக் காற்று வெளியிலிருந்து வருவதில்லை. ஒரு சின்ன விசிறி காருக்குள் இருக்கும் காற்றை இழுத்துத்தான் குளிர்விக்கிறது. பின்சீட்டின் ஓரத்தில், பயணி தொடைக்குப் பக்கத்தில், கறுப்பு நிறத்தில் ஒரு கம்பித்தடுப்பு தெரியும், அதுதான் மூக்கு. அதன்மேல் பிள்ளைகளின் பள்ளிப்பை சாய்ந்திருக்கும், துணி கிடக்கும், நாய் வளர்ப்பவர் காரில் முடி அடைத்திருக்கும். கழற்றினால் உள்ளே கம்பளிப் போர்வை மாதிரி தூசி உரிந்து வரும். பகலெல்லாம் திறந்தவெளிக் கார்ப்பேட்டையில் வெந்த கார், ஏர்கானும் போடாமல், இந்த அடைப்போடும் ஓடினால் பேட்டரி எப்படித் தாங்கும்?

பார்க்கப் போகும்போது செல்ஃபோன் டார்ச்சை அந்தத் தடுப்புக்குள் அடித்துப் பாருங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் முந்தைய உரிமையாளர் காரைக் கவனித்தவர் என்று பாதி தெரிந்துவிடும். ஓட்டும்போது பேட்டரி அளவு காட்டும் கோடுகளைக் கவனியுங்கள். ஒரு மேம்பாலம் ஏறுவதற்குள் மேலிருந்து அடிக்கு விழுந்து, இறங்குவதற்குள் மறுபடி நிறைந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. பின்னாலிருந்து விசிறி இரைவதும் நல்ல அறிகுறி இல்லை. ஸ்கேனரில் பி0ஏ80 (பேட்டரியை மாற்றச் சொல்லும் பழுதுக் குறியீடு) என்று வந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

செலவு? முழுப் பேட்டரியும் புதுசு என்றால் சில ஆயிரம் வெள்ளி. கார் விலை அளவுக்குப் போகாது. ஆனால் ‘கெட்ட தொகுதியை மட்டும் மாற்றிக் கொடுக்கிறேன்’ என்று மலிவாகச் சொல்பவரிடம் யோசித்துப் போங்கள். மீதி 27-ம் அதே வயதுதானே? இன்றைக்கு ஒன்றை மாற்றினால் தீபாவளிக்குள் அடுத்தது படுக்கும். சமீபத்தில் பேட்டரி மாற்றியதாக விற்பவர் சொன்னால் புதுசா, சரிசெய்ததா என்று கேட்டு, ரசீதைக் கண்ணால் பாருங்கள்.

உங்கள் காரில் பேட்டரியைவிட நான் பயப்படுவது எஞ்சினை. அந்தத் தலைமுறை ப்ரியஸில் இஜிஆர் பாதை, அதாவது புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் வழி, கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். அது முற்றினால் எஞ்சினின் மேல்பாகத்தை இறுக்கமாக அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போகும். இரவெல்லாம் நின்ற காரைக் காலையில் முதல்முறை கிளப்பும்போது சில விநாடி உதறினால், கூலன்ட்டும் மாதாமாதம் குறைந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். அதனால்தான் எல்லாரிடமும் சொல்கிறேன்: காரை ஆறிய நிலையில் பாருங்கள். போன உடனே பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், ‘நாளைக் காலை வருகிறேன்’ என்று சொல்லிக் கிளம்புங்கள்.

கேள்வி: ஐயோனிக் எடுப்பதா, ஆல்ட்டிஸ் ஹைபிரிட் எடுப்பதா? (புக்கிட் பாத்தோக் ஐயா)

பதில்: ஐயா, இரண்டும் ஹைபிரிட்தான்; ஆனால் கியர் வேறு. டொயோட்டாவின் ஆல்ட்டிஸில் கிளட்ச்சும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. எஞ்சினையும் இரண்டு மோட்டார்களையும் ஒரு பல்சக்கரத் தொகுதி இணைக்கிறது. தேய்வதற்கு அதில் அதிகம் எதுவும் இல்லை. ஹியுண்டாய் ஐயோனிக்கில் 6 கியர் இரட்டைக் கிளட்ச், அவான்ட்டே ஹைபிரிட்டிலும் அப்படித்தான். விரைவுச்சாலையில் ஓட்ட நன்றாக இருக்கும், நம் கைக்குப் பழகிய கார் மாதிரி. ஆனால் பழைய காரில் கிளட்ச் ஒரு செலவாகலாம். நெரிசலில் ஊர்ந்து பாருங்கள். இடித்து இடித்து நகர்ந்தால் வேண்டாம். பேரலல் இம்போர்ட்டில், அதாவது அதிகாரபூர்வ முகவர் அல்லாத இறக்குமதியாளர் மூலம், வந்த ஹோண்டா கிரேஸும் இரட்டைக் கிளட்ச்தான், அதற்கும் இதே சோதனை. என்னைக் கேட்டால், நீண்ட நாள் வைத்திருக்க டொயோட்டா.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். ஆல்ட்டிஸ் ஹைபிரிட்டும் ப்ரியஸும் 1.8 லிட்டர். வேகம் சாதுவாக இருந்தாலும் 1,600 சிசியைத் தாண்டுவதால் சிஓஇ ‘பி’ பிரிவு. பின்னாளில் புதுப்பிக்க நினைத்தால் ‘பி’ விலைதான் கட்ட வேண்டும்.

கேள்வி: பத்து வருஷம் முடிகிறது. புதுப்பிக்கவா, ஸ்க்ராப் பண்ணவா? (தெம்பனிஸ்)

பதில்: புதுப்பித்தால் பார்ஃப் தொகை போயே போய்விடும். முதலில் அதைச் செலவாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பிகியூபி, அதாவது கடைசி மூன்று மாத சிஓஇ ஏல விலைகளின் சராசரி, அதைக் கட்ட வேண்டும். பத்து ஆண்டுக்கு முழுசு, ஐந்து ஆண்டுக்குப் பாதி; ஐந்து ஆண்டு எடுத்தால் அதற்குப் பிறகு நீட்டிக்க வழி இல்லை. பத்தாம் ஆண்டுக்குப் பின் சாலை வரி ஆண்டுக்கு 10 விழுக்காடு கூடிக்கொண்டே போய் 50-இல் நிற்கும். வாகனச் சோதனையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது மாறி, ஆண்டுதோறும் ஆகிவிடும். பேட்டரி ஒருமுறையும் மாற்றாத கார் என்றால் அதற்கும் காசு ஒதுக்கித்தான் கணக்குப் போட வேண்டும். இவ்வளவும் கூட்டிய பிறகும் மலிவாகத் தெரிந்தால் புதுப்பியுங்கள்.

கேள்வி: பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தால் கார் செத்துக் கிடக்கிறது! சாவியை அழுத்தினால் கதவுகூடத் திறக்கவில்லை. பெரிய பேட்டரி போய்விட்டதா தம்பி? (உட்லண்ட்ஸ் அக்கா)

பதில்: இல்லை அக்கா, பதற வேண்டாம். அது 12 வோல்ட் சின்ன பேட்டரி. பெரியது நிறைந்திருந்தாலும் அதை இணைத்துவிடச் சின்னது வேண்டும். சாவிக்குள்ளேயே ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அதை உருவி ஓட்டுநர் கதவைத் திறங்கள். ப்ரியஸில் அந்தச் சின்ன பேட்டரி பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் இருக்கிறது, அதன் கதவோ மின்சாரத்தில்தான் திறக்கும். அதனால் முன்னால் பானட்டுக்குள் ஃப்யூஸ் பெட்டியில் ஜம்ப் கொடுக்க ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். பிளஸ், மைனஸ் கம்பியை மாற்றி மட்டும் கொடுத்துவிடாதீர்கள், இன்வெர்ட்டர் பழுதாகும். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது பிள்ளைகளிடம் சொல்லி, வாரம் ஒருமுறை ‘ரெடி’ விளக்கு எரியும்வரை அழுத்தி அரைமணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். ‘ரெடி’ எரியாமல் ரேடியோ மட்டும் ஓடும் நிலையில் விட்டால் பயனில்லை, இன்னும் இறங்கும்.

கேள்வி: ஹைபிரிட்டை வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடுகளின்) கார்ப்பேட்டையில் சார்ஜ் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். பிளக்-இன் வகைக்கு மட்டும்தான்.

கேள்வி: முன்பு தனியார் வாடகை காராக ஓடியதாம். மீட்டர் 1,60,000. ஒதுக்கிவிடலாமா? (பொங்கோல்)

பதில்: தூரத்துக்காக ஒதுக்க மாட்டேன். தினமும் ஓடிய ஹைபிரிட்டின் பேட்டரி, வாரக்கணக்கில் நின்ற காரின் பேட்டரியைவிட நல்ல நிலையில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சர்வீஸ் ரசீது இல்லை என்றால் விட்டுவிடுங்கள். ஓட்டுநர் சீட்டின் ஓரம், ஸ்டீயரிங்கின் மேல்தோல், பின்கதவுக் கைப்பிடி இவை மூன்றும் மீட்டரைவிட உண்மை பேசும்.

கேள்வி: ஏர்கான் கேஸ் நிரப்பப் பக்கத்துக் கடைக்குப் போகலாமா?

பதில்: ‘என்ன எண்ணெய் போடுவீர்கள்?’ என்று கேளுங்கள். ஹைபிரிட்டின் கம்ப்ரஸர் பெல்ட்டில் ஓடுவதில்லை, உயர்அழுத்த மின்சாரத்தில் ஓடுகிறது. டொயோட்டாவுக்கு என்டி-11 எண்ணெய். சாதாரணக் காரின் எண்ணெய் கலந்தால் உள்ளே மின்காப்பு கெட்டு, மின்கசிவு என்று கார் ஓட மறுக்கும். கேள்விக்குப் பதில் தடுமாறினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடை.

கேள்வி: வாங்கி இரண்டு மாதத்தில் பிரேக் பம்ப் போய்விட்டது. டீலர் ‘பழைய கார், அப்படித்தான்’ என்கிறார். (காக்கி புக்கிட்டில் வாங்கியவர்)

பதில்: அப்படித்தான் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. 2012 செப்டம்பரிலிருந்து, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் இருக்கிறது, பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது டீலர் பாடு. காரின் வயதும் விலையும் கணக்கில் வரும் என்பது வேறு விஷயம். முதலில் எழுத்தில் கேளுங்கள், பிறகு பயனீட்டாளர் சங்கமான கேஸ். 20,000 வெள்ளி வரை என்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கே போகலாம். தனியாளிடம் நேரடியாக வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் துணைக்கு வராது.

இனி வாங்குகிறவர்களுக்கு: கதவைத் திறந்ததும் பிரேக் பம்ப் ‘விர்’ என்று ஒருமுறை ஓடுவது இயல்பு. நின்ற காரில் பிரேக்கைத் தொடாமலே சில விநாடிக்கு ஒருமுறை ஓடினால் உள்ளே அழுத்தம் கசிகிறது. விக்கம், எஸ்டிஏ மாதிரி வாகனச் சோதனை நிலையங்களில் முன்சோதனைக்கு விடும்போது இதையும் சொல்லி விடுங்கள்.

கேள்வி: அடிக்கடி கடற்பாலம் தாண்டி மலேசியா போவோம். கெந்திங் மலைக்கு ஹைபிரிட் தாங்குமா? ‘பி’ என்று ஒரு கியர் இருக்கிறதே, அது எதற்கு? (மார்சிலிங்)

பதில்: ஹைபிரிட் என்றாலும் புறப்படும்போது முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற சட்டம் உண்டு, அங்கே நிரப்புவது ரான் 97 பெட்ரோல். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது ஊருக்குள் கிடைத்த மைலேஜை எதிர்பார்க்காதீர்கள். கெந்திங் ஏறும், பயம் வேண்டாம். இறங்கும்போதுதான் கவனம். மலையில் பாதி இறங்குவதற்குள் பேட்டரி நிறைந்துவிடும். அதற்குமேல் மின்சாரத்தைச் சேர்க்க இடமில்லாமல் முழு வேலையும் பிரேக் பேடுக்குப் போகும். ‘பி’ அதற்குத்தான், எஞ்சினே காரைப் பிடித்து நிறுத்தும். மலை முடிந்ததும் மறக்காமல் ‘டி’க்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு வரும்வரை பெட்ரோலை வீணாக எரிப்பீர்கள்.