தொங்கும் மனிதன் சீட்டு அபசகுனமா?

வேலை மாறலாமா என்று கேட்டு எடுத்த டாரோ சீட்டில் (குறி பார்க்கும் படச்சீட்டு) 'தொங்கும் மனிதன்' வந்தது, தோழி அபசகுனம் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தை இன்னொரு முறை பாருங்கள். கயிறு கழுத்தில் இல்லை, ஒரு காலில். 1909-இல் வெளிவந்த, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த சீட்டுக்கட்டு என்றால் தலையைச் சுற்றி ஒளிவட்டம், மரத்தில் பச்சை இலைகள் எல்லாம் இருக்கும். முகத்தில் வலியே தெரியாது.

பழைய இத்தாலியில் துரோகிகளை இப்படித் தலைகீழாகச் சுவரில் வரைந்து அவமானப்படுத்துவார்கள். இந்தச் சீட்டுக்கே அங்கே 'துரோகி' என்ற பெயர் இருந்தது. இன்று சொல்லும் பொருள் வேறு: பொறுத்திருப்பது, கோணத்தை மாற்றிப் பார்ப்பது.

அப்புறம், சீட்டை வைத்து ராஜினாமா முடிவெடுக்காதீர்கள். புது கம்பெனியின் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்துவிட்டதா, அதைச் சொல்லுங்கள்.