ஜிலேபி மட்டும் ஏன் சிக்குகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் ஏரி ஐப்பசி மழையில் நிரம்பிக் கோடி போயிற்று. சென்ற ஆண்டும் வற்றவில்லை என்பதால், அப்போது விட்ட கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் நன்றாக வளர்ந்திருக்கின்றன என்று மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் சொல்கிறார். அவருடைய அனுமதியோடு ஞாயிறுதோறும் கோதுமை மாவு உருண்டையைக் கோத்துத் தூண்டில் போடுகிறேன். ஜிலேபிக் கெண்டையைத் தவிர வேறெதுவும் சிக்கவில்லை. குறை மாவிலா, தூண்டிலிலா?
– வாசகர், கணியம்பாடி

பதில்: முதலில் குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு உட்கார்ந்தீர்களே, அதற்குப் பாராட்டு. ஏரி ஊருக்குப் பொது என்றாலும், குத்தகைக் காலத்தில் அதிலுள்ள மீன் ஏலம் எடுத்தவருக்கு உரியது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

குறை மாவில் இருப்பதாகத் தெரியவில்லை. மாவு நிற்கும் ஆழத்தில் இருக்கலாம். நீங்கள் சொன்ன மூன்றும் கெண்டை இனந்தான் என்றாலும் மூன்றும் ஒரே மட்டத்தில் மேய்வதில்லை. கட்லாவின் வாய் மேல்நோக்கி அமைந்திருப்பதால், அது பெரும்பாலும் நீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்று வாழ்கிறது. ரோகு நடுநீரில் மேய, மிர்கால் அடிச்சேற்றைக் கிளறுகிறது. ஒன்றின் இரையில் இன்னொன்று அதிகம் கைவைக்காது என்பதாலேயே இம்மூன்றையும் ஒரே நீரில் சேர்த்து வளர்க்கிறார்கள். ஆகவே கனமான ஈயத்தைக் கட்டி மாவைத் தரையில் படுக்கவைத்தால் மிர்கால் வரலாம். கட்லா அதைப் பார்க்காமலே மேலே நீந்திப் போய்விடும். தக்கையை நரம்பில் கீழிறக்கி, முள் ஓரிரு முழ ஆழத்தில் மட்டும் தொங்கும்படி வைத்துப் பாருங்கள்.

ஜிலேபி ஏன் இவ்வளவு என்பதற்கு வேறொரு காரணம் உண்டு. கட்லா வகையறா தேங்கிய ஏரி நீரில் முட்டையிடுவதில்லை. மழைக்கால ஆற்று வெள்ளத்தில் இனம் பெருக்குபவை அவை. 1957ஆம் ஆண்டு கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிவியலாளர், பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியாகச் செலுத்தி இக்கெண்டைகளை முட்டையிடச் செய்து காட்டிய பிறகுதான், பண்ணைக் குஞ்சுகள் நாடெங்கும் ஏரிகளுக்கு வந்து சேர வழி பிறந்தது. ஜிலேபியோ 1952இல் இந்தியாவுக்கு வந்த அயல் மீன்; தாய் மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துக் காத்துப் பொரிப்பதாலும், ஆண்டுக்குப் பல முறை ஈனுவதாலும் எந்தக் குட்டையிலும் பெருகிவிடுகிறது. உங்கள் ஏரியில் கட்லா எண்ணி விட்ட மீன், ஜிலேபி எண்ணிலடங்காத மீன். எது முதலில் மாவுக்கு வரும் என்பதில் வியப்பில்லை.

அதைத் தவிர்க்க, மாவைக் கெட்டியாகப் பிசைந்து எலுமிச்சை அளவுக்குச் சற்றுக் குறைவாக உருட்டுங்கள்; சிறிய ஜிலேபியின் வாய்க்குள் அது போகாது. கரையோரக் கோரையை விட்டு விலகி ஆழமான இடத்தைத் தேர்ந்து, ஊறவைத்த கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் கலந்து ஒரே இடத்தில் கைப்பிடியளவு மட்டும் தூவுங்கள். கூடை கூடையாகக் கொட்டினால் மீனின் வயிறுதான் நிறையும். கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டையில்தான் உண்டு. இரையை உறிஞ்சிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் துப்பிவிடும். எனவே தக்கை லேசாக நடுங்கியவுடன் இழுக்காமல், அது சீராக நகரவோ அமிழவோ தொடங்கும்வரை பொறுத்திருங்கள். கரையில் தடதடவென்று நடக்கவும் வேண்டாம். கெண்டையின் காற்றுப்பையைச் சிறு எலும்புகள் உட்செவியோடு இணைப்பதால், அதன் செவி நாம் நினைப்பதைவிடக் கூர்மையானது.

கேள்வி: விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஆனால் எந்த இரையையும் தொடுவதில்லையே?
– வாசகி, குடியாத்தம்

பதில்: அது பசியன்று, மூச்சுத் திணறல். இரவில் பாசியும் நீர்ச்செடிகளும் உயிர்வளியை வெளியிடாமல், இருப்பதையும் எடுத்துக்கொள்வதால், விடியும் வேளையில் நீரில் அது மிகக் குறைந்துவிடுகிறது. வெயில் ஏறிய பிறகு தூண்டில் போடுங்கள். நடுப்பகலிலும் அப்படியே தவித்தால் தூண்டிலைச் சுருட்டிவிட்டு, குத்தகைக்காரருக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே பெரிய கெண்டையைப் பிடித்து எடை பார்த்துவிட்டு மறுபடி நீரிலேயே விடுகிறார்கள் என்கிறான். உண்மையா? நாமும் அப்படிச் செய்யலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: உண்மைதான். சால்மன், ட்ரவுட் வகைகள் நீங்கலான நன்னீர் மீன்களை அங்கே பெரும்பாலும் பொழுதுபோக்குக்காகவே பிடிக்கிறார்கள். அதற்கு உரிமம் வேண்டும். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை அம்மீன்களைப் பிடிக்கத் தடையும் உண்டு. பல ஏரிகளில் கொக்கிச் செதுக்கு (முனையருகே பின்னோக்கி நீளும் சிறு கூர்) இல்லாத தூண்டில் முள்ளையே அனுமதிக்கிறார்கள். மீனை ஈர விரிப்பில் கிடத்தித்தான் முள்ளைக் கழற்றுவார்கள்.

நம் ஊரில் நான்கு கிலோ ரோகுவைப் பிடித்து விட்டுவிட்டு வந்தேன் என்று வீட்டில் சொன்னால், அன்றிரவு எனக்குச் சோறு கிடைக்குமா என்பது ஐயமே. ஆனால் விரலளவுக் குஞ்சுகளையாவது கட்டாயம் திருப்பி விடவேண்டும். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிட்டால், அது நோய்க்கு எளிதில் ஆளாகும். ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் மட்டும் அதை ஏரியில் திருப்பி விடாதீர்கள். மற்ற மீன்களை விழுங்கித் தீர்ப்பதால் நம் நாட்டில் அதை வளர்க்கவே தடை இருக்கிறது.