ஒரு வாரத்தில் ஒப்படைப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏழு ஆண்டுகளாகச் செயற்கைக்கோள்களின் வெப்பக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றுகிறேன். இப்போது ராக்கெட் நிறுவனம் ஒன்று கூடுதல் சம்பளத்துடன் அழைக்கிறது. நான் உழைத்த செயற்கைக்கோள் விண்ணுக்குப் போகும் முன்பே கிளம்புவது துரோகம் என்கிறார்கள் நண்பர்கள். கோப்புகளை ஒரு வாரத்தில் ஒப்படைத்துவிடலாம், அதில் பிரச்சினையில்லை. ஆனால் இதுவரை கற்றது வீணாகிவிடுமா?

ச.

அன்புள்ள ச.,

துரோகம் என்பதெல்லாம் பெரிய பேச்சு, விட்டுத்தள்ளுங்கள். சம்பளக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்வீர்கள். ஏழு ஆண்டு உழைப்பு வீணாகிவிடுமோ என்று அஞ்சும் உங்கள் மனம் எனக்குப் புரிகிறது, வீணாகாது. ஆனால் ஒரு வாரத்தில் ஒப்படைத்துவிடலாம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

நான் இத்துறையில் இருந்த காலத்தில் ஒரு தெர்மோவாக் சோதனை, அதாவது விண்வெளியைப் போன்ற வெற்றிடத்திலும் வெப்ப, குளிர் நிலைகளிலும் செயற்கைக்கோளை வைத்துப் பார்ப்பது. அறையின் காற்றெல்லாம் வெளியேற்றப்பட்டு, சுவர்களுக்குள் திரவ நைட்ரஜன் ஓடிக்கொண்டிருந்த நள்ளிரவில், பேட்டரியின் ஹீட்டர் நாங்கள் எதிர்பார்த்ததைவிட ஐந்து டிகிரி முன்னதாகவே இயங்கத் தொடங்கியது. கோப்பைப் புரட்டினால், ஹீட்டர் இயங்கத் தொடங்க வேண்டிய வெப்பநிலை வரம்புக்கு எதிரே 'பேசி முடிவு செய்தபடி' என்று மட்டும் இருந்தது. பேசியவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டிருந்தார். தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டபோது, வெப்ப உணரி பேட்டரியின் நடுவில் ஒட்டப்பட்டிருக்கிறது, ஆனால் வெப்பத்தை வெளியேற்றும் ரேடியேட்டரை ஒட்டிய மூலைதான் முதலில் குளிரும், அதற்காகவே அந்த ஐந்து டிகிரி என்று ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார். அவர் தொலைபேசி எண்ணை மாற்றியிருந்தால், யாரோ செய்த பிழை என்று நினைத்து அந்த வரம்பைக் குறைத்திருப்போம்.

முடிவுகள் கோப்பில் இருக்கும்; அவற்றின் காரணங்கள் பெரும்பாலும் ஆட்களோடு கிளம்பிவிடும். 1977இல் ஏவப்பட்ட நாசாவின் வாயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பரில் பொருளற்ற தரவுகளை அனுப்பத் தொடங்கியபோது, பொறியாளர்கள் பல பத்தாண்டுகள் பழைய ஆவணங்களைத் துழாவ வேண்டியிருந்தது. கட்டளை போய்ச் சேரவே இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர மீண்டும் அவ்வளவு நேரம். பழுதான நினைவகச் சில்லில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக வேறு இடங்களுக்கு மாற்றி, 2024 ஏப்ரலில்தான் படிக்கத்தக்க தரவுகளை மீட்டார்கள். அதன் திட்ட விஞ்ஞானியாக 1972 முதல் 2022 வரை இருந்த எட்வர்ட் ஸ்டோன், நடுவே பத்தாண்டுகள் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் இயக்குநராகவும் இருந்தார். வாயேஜரை மட்டும் விடவில்லை. நீங்களும் அப்படி ஐம்பது ஆண்டுகள் இருங்கள் என்று சொன்னால் அது அராஜகம். ஆனால் ஒரு வாரமா?

வரம்புகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே அது எந்தச் சோதனையில் வந்தது, எதற்குப் பயந்து வைத்தீர்கள், எதை முயன்று கைவிட்டீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் இடத்துக்கு வருபவரை அருகில் உட்காரவைத்து, அவரைக் கேள்வி கேட்க விடுங்கள். அவர் கேட்பதில்தான் நீங்கள் எழுத மறந்தது தெரியவரும். இதற்காகப் புதிய நிறுவனத்திடம் ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். மறுத்தால் எனக்கு எழுதுங்கள். அங்கே போகத்தான் வேண்டுமா என்பதை அப்போது பேசலாம்.