பக்கத்துச் செடி சும்மா இருக்குமா?

கேள்வி: மரபணு மாற்றிய பயிரின் விதை வேலி தாண்டி விழுந்தால், களையாகப் பெருகி ஊரையே வளைத்துவிடும் என்கிறார் என் பெரியப்பா. நடக்குமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் பெரியப்பா பக்கத்துச் செடிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. வரப்போரம் தனியே முளைத்த எள்ளைப் பாருங்கள்: அடியிலிருந்தே கிளைத்து, கிளைக்குக் கிளை காய் வைத்திருக்கும். பயிர் கலைக்காத, அதாவது நெருக்கத்தைக் குறைக்காத நடுவயலில் அதே எள் ஒற்றைத் தண்டாக நெடுநெடுவென வளர்ந்து, நுனியில் நாலு காயோடு நிறுத்திக்கொள்ளும். வெளிச்சமும் ஈரமும் பங்கு போனால் அடிபடுவது விதையின் எண்ணிக்கைதான். புதிய மரபணு உள்ளே இருப்பதால் மட்டும் இதிலிருந்து தப்ப முடியாது.

சோதித்தும் பார்த்துவிட்டார்கள். பிரிட்டனில் சூழலியலாளர் மைக்கேல் கிராலி குழுவினர் கடுகு இனத்து எண்ணெய்வித்துப் பயிரான ரேப், மக்காச்சோளம், சர்க்கரை பீட், உருளைக்கிழங்கு ஆகிய நான்கிலும் மரபணு மாற்றிய ரகங்களையும் சாதாரண ரகங்களையும் 12 இடங்களில் பயிரிட்டு, பத்து ஆண்டுகள் கவனித்து, 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். கொத்திய மண்ணில் முதல் ஆண்டு பயிர் தலைகாட்டியது. புல்லும் பூண்டும் திரும்பி வந்து இடத்தை மூடியதும் ஆட்டம் முடிந்தது. முதல் மூன்று பயிர்களும் நான்கு ஆண்டுகளுக்குள் இருந்த இடம் தெரியவில்லை. பத்தாம் ஆண்டில் மிஞ்சியது ஒரே ஓர் இடத்து உருளைக்கிழங்கு. அதுவும் சாதாரண ரகம்!

பெரியப்பாவை முழுக்க ஒதுக்கிவிடாதீர்கள். அங்கே புகுத்தியிருந்தவை களைக்கொல்லியைத் தாங்கும் அல்லது பூச்சியை எதிர்க்கும் மரபணுக்கள். களைக்கொல்லியே படாத நிலத்தில் அதைத் தாங்கி என்ன லாபம்? வறட்சி தாங்கும் மரபணு என்றால் தனியே சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: பசுமைக்குடிலில் நன்றாக விளைந்த மரபணு மாற்றிய ரகம் வயலிலும் அப்படியே விளையுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்த நம்பிக்கையில் கடன் வாங்காதீர்கள். சுவிட்சர்லாந்தில் சாம்பல் நோயை எதிர்க்கும் பிஎம்3பி மரபணுவைக் கோதுமையில் ஏற்றினார்கள். குடிலுக்குள், பூஞ்சணக்கொல்லி தெளிக்காத நிலையில், விளைச்சல் இரட்டித்தது. வயலிலோ நான்கு கால்வழிகளில் (தனித்தனியே மரபணு ஏற்றி உருவாக்கிய வம்சங்களில்) இரண்டு சறுக்கின: மரபணு ஏறாத உடன்பிறப்பைவிட விளைச்சல் 56 சதவீதம் வரை குறைவு, போதாக்குறைக்கு எர்காட் தொற்று 40 மடங்கு வரை அதிகம். நம் கம்பில் வரும் தேன் ஒழுகல் நோய்க்கு உறவுக்காரப் பூஞ்சணம் அது. கதிரில் மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு கால்வழியோ மரபணு ஏறாத தன் உடன்பிறப்பைப் போலவே விளைந்தது. நான்கிலும் இருந்தது ஒரே மரபணுதான். குடில் கணக்கை யாராவது காட்டினால், எந்தக் கால்வழி, எந்த வயல், எவ்வளவு உரம் என்று கேளுங்கள். உரம் கூடியபோது, மரபணு ஏறியதற்கும் ஏறாததற்கும் உள்ள வித்தியாசம் குடிலில் பொதுவாகக் கூடியது; வயலில் அப்படிக் கூடவில்லை.