ஊசி இருக்கட்டும், மாத்திரை எங்கே?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. 4 வருடங்களுக்கு முன் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். 2021-ல் கோவிஷீல்டு 2 டோஸும் போட்டுக்கொண்டார். அந்த ஊசியால் ரத்தம் உறையும் என்று வாட்ஸ்அப்பில் பார்த்ததிலிருந்து நிம்மதியில்லை. டெஸ்ட் எடுக்கலாமா? இப்போது டாக்டர் சொல்லும் ஃப்ளூ ஊசியைப் போடலாமா? அப்பா ஆஸ்பிரினையும் 2 மாதமாக நிறுத்திவிட்டார். சொன்னால் கோபப்படுவார் என்று விட்டுவிட்டேன்.
- வாசகி, திருச்சி

பதில்: மகளே, ஊசியைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டுவிட்டு, மாத்திரையைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறாய். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர் தன்னிஷ்டத்துக்கு ஆஸ்பிரினை நிறுத்தினால் அந்த ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். நீ பயப்படும் அதே உறைவு!

கோவிஷீல்டு விஷயம் பொய்யில்லை. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் விடும் ஒரு புரதத்துக்கு எதிராக உடலே கிளம்பி, தட்டணுக்களைத் தூண்டிவிட்டது; அதனால் மூளையிலும் வயிற்றிலும் உள்ள சிரைகளில் ரத்தம் உறைந்தது, தட்டணுக்களும் செலவாகிக் குறைந்தன. சிலர் இறந்தும் போனார்கள். 2021 மே மாதம் மத்திய அரசின் குழு சொன்ன கணக்கு, 10 லட்சம் டோஸுக்கு 0.61. அதுவும் பெரும்பாலும் ஊசி போட்ட 4 முதல் 42 நாட்களுக்குள் வந்தது. அப்பா போட்டு எத்தனை வருடமாயிற்று? இப்போது எதற்கு டெஸ்ட்?

ரத்தக்குழாய் நோய் எல்லாம் ஒன்றல்ல. நுண்குழாய்களிலிருந்து ரத்தநீர் கசியும் அபூர்வ நோய் முன்பு வந்தவர்களுக்கு அந்த ஊசியே கூடாது என்று 2021 ஜூனில் ஐரோப்பிய மருந்து முகமை சொன்னது. அப்பாவுக்கு வந்தது இதயத் தமனி அடைப்பு. ஃப்ளூ ஊசியும் வேறு வகை. இதய நோயாளிகளுக்குக் கட்டாயம் போடச் சொல்வது. போட்ட இடத்தைத் தேய்க்காமல் 2 நிமிடம் அழுத்திப் பிடி.

அப்பாவின் கோபத்துக்குப் பயந்து ஒதுங்குவது மரியாதை ஆகாது. சின்ன வயதில் நீ மருந்து குடிக்க மாட்டேன் என்று அழுதபோது அவர் விட்டுவிட்டாரா? ஏன் நிறுத்தினார் என்று ஒரு தடவையாவது கேட்டாயா? வயிற்றெரிச்சலா? மலம் கறுப்பாகப் போயிற்றா? அல்லது மாதாமாதம் உன் கையை எதிர்பார்ப்பதற்குக் கூச்சமா? எங்கள் தலைமுறை ஆண்கள் கூச்சத்தைக் கோபமாகத்தான் காட்டுவார்கள், அம்மா. பக்கத்தில் உட்கார்ந்து கேள். நீயாக மாத்திரையை மறுபடி கொடுத்துவிடாதே; இன்றைக்கே மருந்துச் சீட்டோடு இதய மருத்துவரிடம் அழைத்துப் போ. நடுவில் நெஞ்சு வலித்தால் 108-ஐக் கூப்பிடு.