பாட்டியின் விசுவாசத்தை எழுதுவது – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

மணப்பாட்டில் பிறந்து தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்ட என் பாட்டி, 2024ஆம் ஆண்டு தமது 86ஆம் வயதில் காலமானார். முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு உறவினர்கள் ஒரு சிறு மலர் கொண்டுவருகிறார்கள். அவருடைய வாழ்க்கையை எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. காலையில் பூசை, மதியம் திரிகால செபம், இரவில் செபமாலை என்பதைத் தவிர அவர் வாழ்வில் சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை என்றே தோன்றுகிறது. எழுத்தறியாத அவருக்குத் தெரிந்தவை எல்லாம் மனப்பாடச் செபங்கள்தாம் என்கிறான் என் தம்பி. எனக்கோ இன்று விசுவாசம் இல்லை. அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு பள்ளி நோட்டு கிடைத்தது. அதில் இறந்தவர்களின் பெயர்கள், பேரப்பிள்ளைகள் பலருடைய கையெழுத்தில் இருக்கின்றன. பாதிப் பேர் யாரென்று எங்களுக்குத் தெரியவில்லை. வேற்று மதத்தவரை மணந்த என் சித்தியின் திருமணத்துக்குப் பாட்டி போக மறுத்ததையும் எழுத வேண்டுமா?

ஜே., தூத்துக்குடி

அன்புள்ள ஜே.,

எதுவும் நடக்கவில்லை என்ற வரியை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் பாட்டி 1938 வாக்கில் பிறந்தவர். அவர் புதுநன்மை, அதாவது பூசையில் தரப்படும் திவ்விய அப்பத்தை முதன்முறையாக, வாங்கிய காலத்தில், நள்ளிரவுக்குப் பின் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள்தாம் நன்மை வாங்கலாம். 1953இல் தண்ணீருக்கு விலக்குக் கிடைத்தது. 1957இல் அந்த உபவாசம் மூன்று மணி நேரமாகவும் 1964இல் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. அவர் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை ஒட்டி, பிறந்தது முதல் லத்தீனில் கேட்டுவந்த பூசை தமிழுக்கு வந்தது. பீடத்தை நோக்கி நின்ற குருவானவர் சனங்களை நோக்கித் திரும்பினார். 2002இல், அவருடைய அறுபதுகளில், செபமாலையில் தியானிக்கும் இயேசு, மாதா வாழ்வின் நிகழ்ச்சிகளான தேவ இரகசியங்களோடு ஒளியின் தேவ இரகசியங்கள் சேர்க்கப்பட்டு, அதுவரை சந்தோஷ தேவ இரகசியங்களுக்கு உரியதாக இருந்த வியாழக்கிழமை அவற்றுக்கு ஒதுக்கப்பட்டது. இந்த மாற்றங்களில் எவற்றை அவர் மனமார ஏற்றார், எவற்றை ஏற்காமல் பழையபடியே வைத்துக்கொண்டார் என்று வீட்டில் விசாரியுங்கள். பூசைக்கு முன் காப்பி குடித்தாரா? வியாழக்கிழமைகளில் எதைச் சொன்னார்? என் அம்மாவைப் பெற்ற பாட்டி, சர்க்கரை நோய் வந்து, எழுந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை போட வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொன்ன பிறகும், அந்த மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு கோயிலுக்குப் போய், பூசை முடிந்த பிறகே வெளியே குழாயடியில் நின்று விழுங்குவார். திருச்சபை தளர்த்திவிட்ட விதியை அவர் தம்மளவில் தளர்த்தவில்லை. அவரைப் பக்தியுள்ளவர் என்று எத்தனை முறை எழுதினாலும் அந்த முந்தானை முடிச்சு சொல்வதைச் சொல்ல முடியாது.

தம்பி சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 1542இல் உங்கள் பாட்டி பிறந்த கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், போர்த்துக்கீசியமும் தமிழும் அறிந்த உள்ளூர்க்காரர்களின் உதவியோடு செபங்களைத் தமிழாக்கி, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிச் சொல்லிக்கொடுத்ததாக 1544ஆம் ஆண்டுக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். கற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. கொல்லத்தில் 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் மறைக்கல்வி நூல் அச்சாவதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே இது தொடங்கிவிட்டது. ஆகவே அந்தக் கரையில் மனப்பாடம்தான் பள்ளிக்கூடம். உங்கள் பாட்டி அதில் தேறியவர். மாதாவைப் பல பெயர்களால் விளித்து வேண்டும் மாதா பிரார்த்தனை முழுவதையும் ஏடு பாராமல் சொல்லக்கூடிய ஒருவரின் நெஞ்சில் எவ்வளவு தமிழ் இருந்தது என்று தம்பியை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘விடியற்காலத்தின் நட்சத்திரமே’ என்ற விளி, விடிவெள்ளியைப் பார்த்து நேரம் கணித்த கடற்கரைப் பெண்களின் வாயில் வெறும் ஒப்பித்தலாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அந்த நோட்டைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் கடந்துபோனீர்கள். அதுதான் உங்கள் கட்டுரை. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். அந்த மாதம் முழுவதும் மோட்சம் சேருமுன் பாவக்கறை நீங்கக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்கு உரியது. அங்கே இருப்பவர்கள் தமக்காகத் தாமே எதுவும் செய்துகொள்ள இயலாது, உயிரோடிருப்பவர்களின் செபமும் பூசையுமே அவர்களுக்குத் துணை என்று கற்றவர் உங்கள் பாட்டி. அப்படி நம்புகிற ஒருவர், எழுதத் தெரியாத நிலையில், அகப்பட்ட பேரப்பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்து ஒரு பெயரை எழுதச் சொல்கிறார் என்றால், அந்த ஆளை அவர் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார் என்று பொருள். உங்களுக்குத் தெரியாத அந்தப் பாதிப் பேரில், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களும், செபிப்பதற்குச் சொந்தபந்தம் இல்லாதவர்களும் இருக்கக்கூடும். அவர் போய்வந்த அன்பியத்தின், அதாவது பங்கில் அண்டை வீட்டார் கூடிச் செபிக்கும் குழுவின், வயதான பெண்களிடமும் மணப்பாட்டில் அவருடைய வயதொத்தவர்களிடமும் நோட்டைக் கொண்டுபோய், ஒவ்வொரு பெயராக வாசித்துக் காட்டுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், அடையாளம் சொல்லக்கூடியவர்களுக்கும் வயதாகிவிட்டது. கிடைத்த விவரங்களோடு எல்லாப் பெயர்களையும் மலரில் அச்சிடுங்கள், யாரென்று தெரியாதவர்களையும் சேர்த்து.

உங்களுக்கு விசுவாசம் இல்லாதது தடையாகாது; அதை மறைக்கவும் வேண்டாம். ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: கடல்மீதுள்ள பயம், வறுமை, தனிமை என்று அவருடைய செபத்துக்குக் காரணம் தேடி விளக்கிவிடாதீர்கள். அவர் மாதாவிடம் பேசினார் என்றே எழுதுங்கள். பேசியதாக நம்பினார் என்று எழுதாதீர்கள். அது அவருடைய வாழ்க்கை, அவர் வாழ்ந்தபடியே அதில் இருக்கட்டும்.

சித்தியின் திருமணத்தை எழுதத்தான் வேண்டும். மெய்விவாகத்தை, அதாவது திருச்சபை முறைத் திருமணத்தை, கடவுளின் அருள் தரும் தேவதிரவிய அனுமானமாகக் கொண்டிருந்த ஒரு தாய்க்கு அந்த மறுப்பு எளிதாக வந்திருக்காது. அதே சமயம், மணக்கோலத்தில் தாயைத் தேடிய மகளுக்கு அதில் ஒரு நியாயமும் தெரிந்திருக்காது. இரண்டையும் சொல்லாமல் பாட்டியை அன்பே உருவானவர் என்று எழுதினால், வாசிக்கிற சித்தி அந்த மலரை மூடிவைத்துவிடுவார். ஆகவே எழுதுவதற்கு முன் அவரிடம் போய்ப் பேசுங்கள். பிற்பாடு அம்மா தன்னிடம் எப்படி நடந்துகொண்டார் என்று கேளுங்கள். அவர் சொல்வது கசப்பாக இருந்தால் கசப்பாகவே போடுங்கள். மற்ற உறவினர்கள் தயங்கினால், அந்தப் பத்தியை எடுக்கச் சொல்லும் உரிமை சித்தி ஒருவருக்கே உண்டு என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.